கால்வாய்க் கொசு, மாடித் தொட்டிக் கொசு, கல்லீரலில் தூங்கும் கிருமி: வடசென்னையிலிருந்து சில மலேரியா கேள்விகள்

மழைக்காலம் வந்தாலே காய்ச்சல் கேள்விகள் குவிந்துவிடும். அவற்றில் மலேரியா பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் என் மகனுக்கு மலேரியா வந்தது. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் போயே போச்சு. செப்டம்பரில் மறுபடி அதே குளிர், அதே நடுக்கம். வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறோம். எங்கிருந்து வந்தது, டாக்டர்? (வாசகி, ராயபுரம்)

வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றில்லை, அம்மா. ஜூலையில் வந்ததிலேயே மிச்சம் உள்ளே இருந்திருக்கலாம்.

சென்னையில் பெரும்பாலும் வருவது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற வகை. கொசு கடிக்கும்போது உடம்புக்குள் இறங்கும் கிருமிகள் நேரே கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு பகுதி உடனே பெருகி, ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்களுக்குள் நுழைந்துவிடும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அணுக்கள் வெடிப்பதால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் காய்ச்சல் அடிக்கிறது. மீதிப் பகுதி பெருகவே பெருகாது. கல்லீரல் செல்லுக்குள் சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் அது சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ விழித்துக்கொள்ளும். குளிர் தேசத்து வைவாக்ஸ் எட்டு, ஒன்பது மாதம்கூடத் தூங்கும். அங்கே கொசு வருவதே கோடையில்தானே!

தூங்குகிற கிருமி ரத்தத்தில் இல்லை. அதனால் சாதாரண ரத்தப் பரிசோதனை எதிலும் சிக்காது. ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் பார்த்தது 1880இல். கல்லீரலில் தூங்குவதை அடையாளம் காண அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

மூன்று நாள் கொடுத்தது குளோரோகுயின். அது ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொல்லும். கல்லீரலில் இருப்பதற்குப் பிரைமாகுயின், 14 நாள். உங்கள் கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. புதிதாக ஒரு கொசு கடித்தும் வந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல மாட்டேன். எப்படி வந்திருந்தாலும் மருத்துவம் ஒன்றுதான்: முதலில் ரத்தப் பரிசோதனை, வைவாக்ஸ் என்று உறுதியானால் குளோரோகுயினோடு இந்த முறை 14 நாளும் முழுதாக.

அந்த 14 நாள் மாத்திரையை நான் ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன். வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறுநீர் கறுப்பாகப் போனது என்கிறார்கள். காய்ச்சல்தான் இல்லையே, எதற்கு? (ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி)

காய்ச்சல் இல்லாதபோதுதான் அந்த மாத்திரைக்கு வேலையே. வடசென்னையில் மலேரியா திரும்பத் திரும்ப வருவதற்கு, என் கணக்கில், கொசுவுக்கு அடுத்த காரணம் பாதியில் நின்ற இந்த மாத்திரை அட்டைகள்தான். அதற்காக உங்களைத் திட்டிப் பயனில்லை. உடம்பு தேறி சவாரிக்குப் போகிறவர் இன்னும் ஒன்பது நாள் மாத்திரை விழுங்க வேண்டுமென்றால், ஏன் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

வயிற்றெரிச்சலுக்கு வழி எளிது. வெறும் டீயோடு போடாமல், இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். கறுப்புச் சிறுநீர் வேறு விஷயம். ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆண்களிடம் கூடுதலாக. அவர்களுக்குப் பிரைமாகுயின் போனால் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முடிந்தவரை ஜி6பிடி ரத்தப் பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்துகொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை கூடாது. உங்களைப் பொறுத்தவரை, விட்ட இடத்திலிருந்து நீங்களாகத் தொடராதீர்கள். சீட்டோடு போய் மருத்துவரைப் பாருங்கள்.

கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் எங்கள் வீடு. ராத்திரி கொசு பிய்த்து எடுக்கிறது. கால்வாயைத் தூர்வாரினால் மலேரியா ஒழியுமா? (கொடுங்கையூர்)

தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் மலேரியா அதனால் ஒழியாது. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். நகரத்து மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலஸ் ஸ்டீஃபன்சி. அது நல்ல தண்ணீர் தேடும்: மாடித் தொட்டி, கிணறு, சம்ப், மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் ட்ரம்.

மாடிக்குப் போய்ப் பாருங்கள். தொட்டி மூடி விரிசல் விட்டு, மேலே ஒரு செங்கல் வைத்திருக்கும். தண்ணீர் நிரம்பி வழியும் குழாய் வாய் திறந்தே கிடக்கும். தொட்டிக்குள் டார்ச் அடித்தால், நீர்ப்பரப்பை ஒட்டிப் படுக்கைவாக்கில் மிதக்கும் புழுதான் அனோஃபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். குழாய் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். ட்ரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால்தான் இந்தக் கணக்கு. தெருவில் அடிக்கும் புகை மாடித் தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

நாம் பழகிப்போன இந்தக் கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அப்புறம் எத்தியோப்பியா. கிராமத்து நோயாக இருந்த மலேரியா நகரங்களுக்குள் நுழைந்துவிடுமோ என்று அங்கே இப்போது பெரிய கவலை.

கார்ட் டெஸ்ட் நெகட்டிவ். ஆனாலும் நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வருகிறது. (சௌகார்பேட்டை)

ஒரு நெகட்டிவை நம்பி விட்டுவிடாதீர்கள். வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களுக்குள்தான் நுழையும். ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால் கிருமி எண்ணிக்கையும் குறைவு, கார்டில் கோடு விழாமல் போகலாம். மருந்து தொடங்குவதற்கு முன் ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் மறுநாளும் எடுக்க வேண்டும். டெங்குவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மலேரியாவின் இன்னொரு வகையான ஃபால்சிபாரம் குணமான பிறகும் அதன் புரதம் ஒன்று வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். கார்ட் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து மறுபடி மருந்து சாப்பிட வேண்டியதில்லை.

தடுப்பூசி வந்துவிட்டதாமே? (எண்ணூர்)

வந்திருக்கிறது, நமக்கில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை, முக்கியமாக ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக. இரண்டாவதைத் தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் நிறுவனம்தான். வைவாக்ஸை அவை தடுக்காது.

எதிரில் அபார்ட்மென்ட் கட்டுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மலேரியா கொண்டு வருகிறார்கள், காலி பண்ணச் சொல்லுங்கள் என்று தெருவில் பேச்சு. (தண்டையார்பேட்டை)

அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒடிசாவின் சில மாவட்டங்களில் ஃபால்சிபாரம் உண்டு, உண்மைதான். ஆனால் கிருமியோடு ஒருவர் வந்தால் மட்டும் அடுத்தவருக்கு நோய் வராது. அவரைக் கடித்த கொசுவுக்குள் கிருமி முற்றப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கொசு பிறப்பது கான்கிரீட்டுக்கு நீர் ஊற்றத் தேக்கி வைத்த தொட்டியிலும், லிஃப்ட் குழியிலும், உங்கள் மாடியிலும்.

ஃபால்சிபாரத்தில் கொசுவுக்குத் தொற்றும் வடிவம் நோயாளியின் உடம்பில் உருவாகவே பத்து நாள் போல ஆகும். காய்ச்சல் வந்ததும் பரிசோதித்து மருந்து கொடுத்தால் பரவலை அங்கேயே நிறுத்தலாம். வைவாக்ஸில் அந்த அவகாசம் கிடையாது. காய்ச்சல் தெரிவதற்கு முன்பே அது கொசுவுக்குத் தொற்றத் தயாராகிவிடும். சந்தேகப்பட வேண்டுமென்றால், இந்த ஊர்க்காரர்களான நம்மையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

விரட்டினால் காய்ச்சலை மறைப்பார்கள். ஃபால்சிபாரம் மூளையைத் தாக்கும் வகை, மறைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். மாநகராட்சி சுகாதார மையத்தில் சொல்லி, கட்டட இடத்திலேயே ரத்தம் எடுக்க வரச்சொல்லுங்கள். மேஸ்திரியிடம் வாரம் ஒருநாள் தொட்டியைக் காயவிடச் சொல்லுங்கள். லிஃப்ட் குழித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கவேண்டியது கட்டுபவரின் பொறுப்பு.