அவுட்போர்டு எஞ்சின் சூடேறுதா? கேள்வி பதில்

ஃபைபர் படகுகளில் ஓடும் 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின்களைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. பதில்களும் அதற்கேற்பவே.

கேள்வி (தூத்துக்குடி): அண்ணே, பக்கவாட்டுல தண்ணி நல்லாப் பீச்சுது. ஆனா மூடியைத் திறந்து ஹெட்டைத் தொட்டா கை சுடுது. தண்ணி வந்தா சூடாகக் கூடாதே?

பதில்: அந்தத் தண்ணீர் ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும்: பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பல மாடல்களில் வெளியே பீச்சும் அந்தக் கிளை, தண்ணீர் ஹெட்டை (சிலிண்டரின் மேல்பகுதி) சுற்றி வருவதற்கு முன்பே பிரிந்துவிடும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வு) மூடியபடியே சிக்கியிருந்தாலும், சிலிண்டரைச் சுற்றியுள்ள வழியில் உப்பு படிந்து அடைத்திருந்தாலும், வெளியே பீச்சுவது பீச்சிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, கையை வெப்பமானியாக நம்பாதீர்கள். 55, 60 பாகை செல்சியஸிலேயே கையை வைத்திருக்க முடியாது. ஆனால் எஞ்சினுக்கு அது சரியான சூடு. ஹெட்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். 'சுர்'ரென்று பொரிந்து பறந்தால் 100-ஐத் தாண்டிவிட்டது, உடனே நிறுத்துங்கள். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வாங்கிக்கொள்ளலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். பெயின்ட் அடித்த இடத்தில், ஸ்பார்க் பிளக்கை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாக இருக்கும்போதே ஐட்லில் (வேகம் கொடுக்காமல் ஓடும்போது) எவ்வளவு, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் எவ்வளவு என்று குறித்துவைத்தால்தான் பிறகு 15 பாகை கூடியிருப்பது கண்ணில் படும்.

உங்கள் எஞ்சினில் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். கடல் எஞ்சின்களில் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியோ 60-ஐ ஒட்டியோ திறக்கத் தொடங்கும். எண் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள், கேஸ்கெட்டோடு.

கேள்வி: தெர்மோஸ்டாட்டே வேண்டாம்னு எடுத்துட்டு ஓட்டலாமா? எங்க பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

பதில்: கடலில் மாட்டிக்கொண்டால் எடுத்துப் போட்டுவிட்டுக் கரை சேருங்கள், தப்பில்லை. நிரந்தரமாக வேண்டாம். குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாது, பிஸ்டனில் கரி கட்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இது இன்னும் மோசம். நாலு ஸ்ட்ரோக்கானால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும்.

கேள்வி (பழவேற்காடு): ஐட்லில் தண்ணி சொட்டுச் சொட்டா வருது, வேகம் எடுத்தா சரியாயிடுது. இம்பெல்லர் போச்சா? நாமே மாத்தலாமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம். மெதுவாகச் சுற்றும்போது அதன் இறக்கைகள் பம்ப் சுவரை உரசி நின்றால்தான் தண்ணீரைத் தள்ள முடியும். வேகத்தில் இறக்கைகள் உள்ளே மடங்கி, சுழற்சி விசையாலேயே தண்ணீர் ஏறும். அதனால் தேய்ந்த இம்பெல்லர் ஐட்லில்தான் காட்டிக்கொடுக்கும். மாறாக, ஐட்லில் நன்றாக இருந்து வேகத்தில் சூடேறினால் அடைப்பு, காற்று உறிஞ்சல், எஞ்சின் உயரம் என்று தேடுங்கள்.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கியர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி நேராகக் கீழே இறக்குங்கள். டிரைவ் ஷாஃப்டின் (எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் தண்டு) மேல் பம்ப் வீடு, அதாவது பம்பின் வெளிக்கூடு இருக்கும், வழக்கமாக 4 போல்ட். அதைத் தூக்கினால் இம்பெல்லர், அதைப் பிடிக்கும் சின்னச் சாவித் துண்டு, அடியில் எஃகுத் தகடு. சாவித் துண்டைத் தொலைப்பவர்கள் அதிகம், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் நகம் மாட்டும் அளவு கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பழவேற்காட்டு மணலும் சேறும் அதை அரம்போல் ராவியிருக்கும். இறக்கை ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட் அருகிலோதான் கிடக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது ரப்பர் போட்டுப் பயனில்லை.

புதிய இறக்கைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை அது ஓடும் திசையில், பெரும்பாலான எஞ்சின்களில் மேலிருந்து பார்க்க வலச்சுற்றாக, திருப்பிக்கொண்டே பம்ப் வீட்டை அழுத்துங்கள். ஷாஃப்ட் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் போடலாம், உச்சியில் கூடாது. உச்சியில் அப்பினால் கியர் பெட்டி முழுதாக மேலேறி உட்காராது. ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் சரியாக இறங்கியதா என்று பாருங்கள். இம்பெல்லர் புதிது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்ற புகார்களில் பாதி அந்த வளையத்தில்தான் முடிகிறது.

வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மணல் கலங்கிய முகத்துவாரத்தில் போய்வந்தால் ஆறு மாதம்.

கேள்வி (ராமேஸ்வரம்): ஓடிக்கிட்டிருக்கும்போதே தண்ணி திடீர்னு நின்னுடுது. என்ன செய்றது?

பதில்: பாக் நீரிணையில் முதல் சந்தேகம் கடல்புல், அடுத்தது பிளாஸ்டிக் பை. எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கியர் பெட்டியின் இரு பக்கமும் உள்ள சல்லடையைத் துடையுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் தண்ணீர் பீச்சும் துளையில் உப்போ பூச்சிக்கூடோ இருக்கலாம்; தடித்த தங்கூசி நரம்பை நுழைத்துக் குத்துங்கள். கம்பி வேண்டாம், உள்ளே முனை கிழிந்துவிடும்.

எஞ்சின் உயரத்தையும் பாருங்கள். கியர் பெட்டியில் புரொப்பல்லருக்கு மேல் உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ 25 மில்லிமீட்டர் வரை கீழேயோ இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் அலையில் குதிக்கும்போது பம்ப் காற்றைக் குடிக்கும்.

கேள்வி: 40 குதிரைத்திறன். பஸ்ஸர் அடிச்சு வேகம் தானா குறைஞ்சுது. ஆனா ஹெட் சூடா இல்லையே?

பதில்: எல்லா பஸ்ஸரும் சூட்டுக்கானதல்ல. நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் அழுத்தம் குறைந்தாலும், ஆயில் தொட்டி வைத்த இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் தீர்ந்தாலும் அடிக்கும். முதலில் ஆயிலைப் பாருங்கள்.

கேள்வி: கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினுக்கு அலாரம் வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஹெட் போல்ட்டின் கீழ் மாட்டும் வெப்ப சென்சரும், சின்ன பேட்டரியில் ஓடும் பஸ்ஸரும் போதும். அலாரம் எண்ணை உங்கள் சாதாரணச் சூட்டைவிட 20 பாகை கூடுதலாக வையுங்கள். பெரிய எஞ்சின் என்றால் நான் தண்ணீர் அழுத்த மீட்டரைத்தான் சொல்வேன். ஹெட் சூடேறுவதற்கு முன்பே முள் இறங்கிவிடும்.

கேள்வி (நாகை): தினமும் நல்ல தண்ணில கழுவணுமா?

பதில்: உப்பு வழிக்குள் காய்ந்து படியும் முன் கழுவுவதுதான் மலிவான வைத்தியம். டிரம்மில் புரொப்பல்லருக்கு மேல் உள்ள அந்தத் தட்டு மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் நிரப்பி 10 நிமிடம் ஐட்லில் ஓட்டுங்கள். 'சும்மா ஒரு தடவை' என்று தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சில விநாடிகளில் ரப்பர் கருகத் தொடங்கும்.

கேள்வி: ரொம்பச் சூடான எஞ்சின் மேல கடல் தண்ணி ஊத்திக் குளிர வைக்கலாமா?

பதில்: கூடாது. ஹெட் வளையும், விரிசல் விடவும் செய்யும். மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறுகிப்போய் நின்றால் பலவந்தப்படுத்தாமல், வேறு படகில் கட்டி இழுத்து வாருங்கள்.