ஃபேப்ரிக் நெட்வொர்க்: எதை எங்கே அமைப்பது? (கேள்வி பதில்)

பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பதிவேட்டை நடத்த உதவும் பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் 2.5 பதிப்பை வைத்து, 3.0 வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, டெஸ்ட் நெட்வொர்க் ஓடுகிறது. இப்போது மூன்று நிறுவனங்களுக்கு நிஜமாகவே அமைக்க வேண்டும். கோர்.யாமல், ஆர்டரர்.யாமல், கான்ஃபிக்டிஎக்ஸ்.யாமல் என்று மூன்று செட்டிங் ஃபைல். எதில் ஆரம்பிப்பது?

ஃபைலைத் திறக்கும் முன்னால் ஒரு தாளை எடுங்கள். எந்த நிறுவனம் எத்தனை பியர் (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் சர்வர்) வைக்கும், ஆர்டரர் (பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தி பிளாக் ஆக்கும் சர்வர்) யாரிடம் இருக்கும், சர்டிபிகேட் வழங்கும் சிஏ யாருடையது என்று எழுதுங்கள். இது முடிவாகாமல் யாமல் எழுதினால் பாதியில் நிற்கும்.

மூன்று ஃபைலும் ஒரே ரகம் இல்லை. கோர்.யாமல் பியருக்கு, ஆர்டரர்.யாமல் ஆர்டரருக்கு. இரண்டும் அந்தந்த இயந்திரத்தோடு முடிந்துவிடும். தப்பு இருந்தால் திருத்தி ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். கான்ஃபிக்டிஎக்ஸ் அப்படியில்லை. அது கூட்டு வியாபாரத்தின் ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. அதில் எழுதியது சேனலின் (இந்த நிறுவனங்கள் பகிரும் பதிவேட்டின்) முதல் பிளாக்கிலேயே உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு வரி மாற்றவும், அந்தப் பகுதிக்கான பாலிசி கேட்கிற அட்மின்களின் கையெழுத்து வேண்டும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்குப் போகட்டும்.

கேள்வி: செலவைக் குறைக்க இரண்டு ஆர்டரர் போதுமா சார்?

வேண்டாம். ஆர்டரர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகப் பயன்படுத்தும் ராஃப்ட் முறைக்குப் பெரும்பான்மை தேவை. இரண்டு நோடு (அதாவது ஆர்டரர்) இருந்தால் பெரும்பான்மையும் இரண்டுதான். ஒன்று விழுந்தால் மொத்தமும் நின்றுவிடும். மூன்று வைத்தால் ஒன்று போனாலும் ஓடும், ஐந்து வைத்தால் இரண்டு போனாலும் ஓடும். நான்கு வைப்பதால் மூன்றைவிடக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. 2024-ல் வந்த 3.0-ல் பிஎஃப்டி முறையும் இருக்கிறது. ஆர்டரரே ஏமாற்றினாலும் தாங்கும் முறை அது. ஒரு கெட்ட நோடைத் தாங்க நான்கு நோடு வேண்டும்.

எண்ணிக்கையைவிட அவை யாருடைய சர்வரில் இருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொண்டால், மற்ற இருவரும் "இதற்கு ஒரு சாதாரண டேட்டாபேஸே போதுமே" என்பார்கள், நியாயமாகவே. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் ஃபேப்ரிக் மேல் கட்டிய சரக்குத் தகவல் தளமான டிரேட்லென்ஸை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தபோது சொன்ன காரணம், தொழில்துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பது. யார் எதை நடத்துவது என்ற பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: செயின்கோட் (பரிவர்த்தனை விதிகளை எழுதிய நிரல்) சேனலில் கமிட் ஆகிவிட்டது. ஆனால் கிளையண்டில் இருந்து அனுப்பினால், எண்டோர்ஸ்மெண்ட் பாலிசியை (எந்த நிறுவனங்களின் பியர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி) பூர்த்தி செய்யும் பியர் கூட்டு எதுவும் இல்லை என்று பிழை வருகிறது. எல்லா பியரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஓடுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. முதலில் ஒவ்வொரு பியரிலும் காசிப் (பியர்கள் தங்களுக்குள் தகவல் பகிரும் முறை) எக்ஸ்டர்னல் எண்ட்பாயிண்ட் நிரப்பியிருக்கிறதா பாருங்கள். அது காலியாக இருந்தால் அந்த பியரின் முகவரி தன் நிறுவனத்துக்கு வெளியே போகவே போகாது. அடுத்து, சேனல் கன்ஃபிக்கில் நிறுவனத்துக்கு ஒரு ஆங்கர் பியராவது (மற்ற நிறுவனங்களின் பியர்கள் முதலில் தொடர்புகொள்ளும் பியர்) குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, எண்டோர்ஸ் செய்ய வேண்டிய நிறுவனங்களின் பியரில் செயின்கோட் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா, அந்த நிறுவனம் அப்ரூவ் செய்திருக்கிறதா. பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

கேள்வி: சர்டிபிகேட் லோக்கல்ஹோஸ்டுக்குத்தான் செல்லும், உன் பியர் பெயருக்குச் செல்லாது என்று டிஎல்எஸ் (இணைப்பைப் பாதுகாக்கும் முறை) பிழை.

டிஎல்எஸ் சர்டிபிகேட்டை என்ரோல் செய்யும்போது (சிஏவிடம் வாங்கும்போது) ஹோஸ்ட் பெயரைக் கொடுக்கவில்லை. கிளையண்ட் எந்தப் பெயரில் கூப்பிடுகிறதோ, அதே பெயரை சிஎஸ்ஆர் (சர்டிபிகேட் கோரிக்கை) ஹோஸ்ட்ஸில் போட்டு மறுபடி என்ரோல் செய்யுங்கள். டிஎல்எஸ்ஸை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

கேள்வி: சர்டிபிகேட் காலாவதி பற்றிக் கவலைப்பட வேண்டுமா? ஒரு வருடமாக டெஸ்டில் ஒரு பிரச்சனையும் வரவில்லை.

கட்டாயம் கவலைப்பட வேண்டும். டெஸ்டில் கிரிப்டோஜென் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது 10 வருடத்துக்கு சர்டிபிகேட் கொடுக்கும், அதனால் எதுவும் தெரியாது. நிஜ நெட்வொர்க்குக்கு வைக்கும் ஃபேப்ரிக் சிஏ, நீங்கள் மாற்றாத வரை 8760 மணி நேரத்துக்குத்தான் கொடுக்கும், அதாவது சரியாக ஒரு வருடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் என்ரோல் செய்திருந்தால் எல்லாம் ஒரே நாளில் காலாவதி ஆகும்.

அதிலும் ஆர்டரர்களின் டிஎல்எஸ் சர்டிபிகேட்தான் ஆபத்து. ஏனென்றால் அது டிஸ்க்கில் மட்டும் இல்லை, சேனல் கன்ஃபிக்கில் கன்சென்டர் பட்டியலிலும் (அந்தச் சேனலை நடத்தும் ஆர்டரர்களின் பட்டியல்) இருக்கிறது. பெரும்பான்மை ஆர்டரர்களுக்கு ஒன்றாகக் காலாவதி ஆனால் ஒன்றோடொன்று பேசாது, லீடர் (மற்ற ஆர்டரர்களை முன்னின்று நடத்தும் ஆர்டரர்) வராது. லீடர் இல்லாமல் புதிய சர்டிபிகேட்டைச் சேர்க்கும் கன்ஃபிக் அப்டேட்டையும் அனுப்ப முடியாது. டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் டைம்ஷிஃப்ட் என்ற செட்டிங்கால் அந்த நிலையிலிருந்து மீளலாம், ஆனால் அது அவசர வழி.

சரியான முறை இது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே ஒரே ஒரு ஆர்டரரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சர்டிபிகேட் வாங்கி, அந்த ஆர்டரர் இருக்கும் எல்லா சேனல்களிலும் கன்சென்டர் பட்டியலை அப்டேட் செய்யுங்கள். ஒரு சேனலை மறந்தால் அந்தச் சேனலில் மட்டும் அது ஊமையாகிவிடும். அப்புறம் டிஸ்க்கில் ஃபைலை மாற்றி ரீஸ்டார்ட் செய்து, பிளாக் எண்ணிக்கை மற்றவற்றோடு சமமாகிறதா என்று பாருங்கள். சமமான பிறகே அடுத்த ஆர்டரர். தேதிகளைக் கவனிக்க ஒரு அலாரம் வையுங்கள், அது இல்லாமல் நெட்வொர்க்கை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: பியரின் டேட்டாபேஸாக கவுச்டிபியா, லெவல்டிபியா?

ஜேசான் ஃபீல்டை வைத்துத் தேட வேண்டுமானால் கவுச்டிபி, கீயை வைத்து எடுத்தால் போதும் என்றால் லெவல்டிபி. ஒரு சேனலில் உள்ள எல்லா பியரிலும் ஒன்றையே வையுங்கள். கவுச்டிபி என்றால் இண்டெக்ஸையும் செயின்கோட் பேக்கேஜுக்குள் சேர்த்து அனுப்புங்கள், 5984 போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். அந்தப் போர்ட் வழியே ஒருவர் நேரடியாக மாற்றினால் பியருக்குத் தெரியாது.

கேள்வி: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு நொடி ஆகிறது சார். சர்வரைப் பெரிதாக்கினாலும் அதே இரண்டு நொடி.

சர்வரில் குறை இல்லை. பேட்ச் டைம்அவுட் வழக்கமாக 2 நொடி. மேக்ஸ் மெசேஜ் கவுண்ட் நிரம்பினாலோ, அந்த 2 நொடி முடிந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது பிளாக் வெட்டப்படும். போக்குவரத்து குறைவான நெட்வொர்க்கில் எண்ணிக்கை நிரம்பவே நிரம்பாது, அதனால் எப்போதும் முழு நேரமும் காத்திருக்கிறீர்கள். அரை நொடியாகக் குறைத்துப் பாருங்கள். இதுவும் சேனல் கன்ஃபிக் என்பதால் கையெழுத்து வாங்கித்தான் மாற்ற முடியும்.

கேள்வி: குபர்நெட்டிஸில் (கண்டெய்னர்களை நடத்தும் தளம்) செயின்கோட் கண்டெய்னர் எழவே இல்லை.

பியர் டாக்கர் சாக்கெட்டைத் தேடுகிறது, அங்கே அது இல்லை. செயின்கோடை ஒரு சர்வீஸாக ஓட்டுங்கள். 2.4.1 முதல் அதற்கான பில்டர் பியரோடு சேர்ந்தே வருகிறது.

கேள்வி: மூன்று நிறுவனங்களில் ஒன்று புதிய செயின்கோடை அப்ரூவ் செய்ய மறுக்கிறது. நிறுத்தி வைக்கவா?

செயின்கோடை ஏற்பதற்கான லைஃப்சைக்கிள் பாலிசி மெஜாரிட்டி என்று இருந்தால் இருவர் போதும், கமிட் ஆகிவிடும். மறுத்த நிறுவனத்தின் பியர் பிளாக்குகளைச் சரிபார்த்துச் சேமித்துக்கொண்டே இருக்கும், எண்டோர்ஸ் மட்டும் செய்யாது. உங்கள் எண்டோர்ஸ்மெண்ட் பாலிசி மூன்று பேரையும் கேட்டால் கமிட் ஆன பிறகும் எந்தப் பரிவர்த்தனையும் செல்லாது. அதனால் கமிட் கொடுக்கும் முன் அந்தப் பாலிசியைப் படித்துப் பாருங்கள். அப்படியும் அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று கூப்பிட்டுக் கேளுங்கள். கோடில் நாம் பார்க்காததை அவர்கள் பார்த்திருக்கலாம்.

கேள்வி: வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரைப் பிரைவேட் டேட்டாவில் (குறிப்பிட்ட நிறுவனங்கள் மட்டும் பார்க்கும் தரவு) போட்டால் பாதுகாப்பு தானே?

மதிப்பு மற்றவர்களுக்குப் போகாது, ஆனால் அதன் ஹாஷ் (மதிப்பிலிருந்து கணக்கிடும் குறியீடு) சேனலில் எல்லோரிடமும் இருக்கும். பத்து இலக்க எண்ணை ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டால் ஒரு சாதாரண கணினியே கண்டுபிடித்துவிடும். மதிப்போடு சால்ட் எனப்படும் ஒரு நீளமான ரேண்டம் எழுத்துச் சரத்தைச் சேர்த்து, இரண்டையும் டிரான்சியன்ட் ஃபீல்டில் (பிளாக்கில் பதிவாகாத பகுதி) அனுப்புங்கள். சாதாரண ஆர்க்யூமெண்டாக அனுப்பினால் அது அப்படியே பிளாக்கில் பதிவாகிவிடும், பிறகு அழிக்க வழியில்லை.