2 ஏக்கர் தேக்கு, இடையில் செம்மறி: கடன் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை மாவட்டம் தம்பலகாமத்தில் 2 ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. கையில் 6 லட்சம் ரூபாய். வங்கியில் இன்னும் 5 லட்சம் எடுத்து, தேக்கு நட்டு இடையில் செம்மறி வளர்க்க யோசிக்கிறேன். சரிவருமா?

பதில்: நடுங்கள், வளருங்கள். கடன் மட்டும் வேண்டாம். தவணை அடுத்த மாதமே தொடங்கும். தேக்கு வெட்ட 25 வருடமாவது ஆகும். இன்றைய 1 லட்சம் 8% கூட்டு வட்டியில் அத்தனை வருடத்தில் ஏறக்குறைய 6.8 லட்சமாகிவிடும். மரம் அதைத் தாண்டினால்தான் இலாபம். ஆகவே மரத்துக்குச் சிக்கனம், வேலிக்குத் தாராளம்.

முதலில் கையிலுள்ள 6 லட்சத்தில் 1.5 லட்சத்தை அவசரத்துக்கென நிலையான வைப்பில் போட்டு மறந்துவிடுங்கள். காணி சதுரமானால் சுற்றளவு சுமார் 360 மீற்றர். 2 மீற்றருக்கு ஒன்றாக 180 கிளிசரிடியா கதியால் (வேலிக்கு நட்டுத் தளிர்க்கவிடும் தடி), கட்டாக்காலி நாய் நுழையாதபடி கீழே வலைக்கம்பி. கோடையில் கதியால் குழை தீவனமாகும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொடுக்கவேண்டாம்.

ஐப்பசி மழையோடு, கிழக்கு மேற்கு வரிசையாக, வரிசைக்கு வரிசை 8 மீற்றர், கன்றுக்குக் கன்று 3 மீற்றர் விட்டால் சுமார் 330 கன்று பிடிக்கும். நெருக்கினால் தேக்கிலை நிழலில் புல் செத்து, தீவனம் காசுக்கு வாங்கவேண்டி வரும். நுனி 2 மீற்றர் தாண்டும்வரை ஆட்டை உள்ளே விடாமல் புல்லை அறுத்துப் போடுங்கள். வெள்ளாடு வேண்டவே வேண்டாம், பட்டையை உரித்துவிடும்.

தொடக்கத்துக்கு யாழ்ப்பாண ஊர்ச் செம்மறியில் 8 மறி (பெண் ஆடு), 1 கிடாய் போதும். மாரிப் புல்லைப் பார்த்து 20 வாங்கியவர்கள் ஆவணியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வருடத்துக்கு 5 குட்டி விற்பனை என்றே கணக்கிடுங்கள். மாரிக் குடற்புழுவும் கால் அழுகலும் மிச்சத்தைத் தின்னும். நிலத்திலிருந்து உயர்த்திய பரண் கொட்டிலும் மிருகவைத்தியர் சொல்லும் புழுமருந்தும் செலவில் சேரட்டும். இரண்டு வருடத்துக்கொருமுறை கிடாயை மாற்றுங்கள்.

கிண்ணியா, மூதூர் பக்கம் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக்கு (பெருநாள் பலிக்கு) ஆட்டுக்கு நல்ல கிராக்கி இருக்கும். பெருநாள் வருடாவருடம் 10, 11 நாள் முந்தும். ஆட்டுக்கு ஒரு வயது நிறையவேண்டும், சினை 5 மாதம், கைகாவலுக்கு ஒரு மாதம். பெருநாளிலிருந்து 18 மாதம் பின்னுக்கு எண்ணிக் கிடாயை மறியோடு சேருங்கள். ஊனமுள்ள ஆடு குர்பானிக்கு எடுபடாது. அதனால் அடையாளத்துக்குக் காதை வெட்டாதீர்கள், கழுத்துப்பட்டி போதும்.

காணி உங்கள் பேரில் உறுதி எழுதிய உறுதிக்காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியா என்று நீங்கள் எழுதவில்லை. அனுமதிப்பத்திரமானால் ஒரு கன்று நடுமுன் பிரதேச செயலகத்தில் மரம் நடவும் வெட்டவும் உள்ள நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.