கணக்கு கணவர் பெயரில், வியாபாரம் மனைவி கையில்: வரி யாருக்கு?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். கோடவுன் தெருவில் நைட்டி, சுடிதார் மெட்டீரியல் எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். ஆரம்பத்தில் அவசரத்துக்கு விற்பனைத் தளத்தில் கணக்கைக் கணவரின் பான் கார்டில் திறந்துவிட்டோம். 2025-26-இல் அதில் விற்பனை 11 லட்சம். கமிஷன், கூரியர் போக வங்கிக்கு வந்தது 8.6 லட்சம்தான். வாட்ஸ்அப்பில் தனியாக 5 லட்சம் விற்றேன், அது என் அக்கவுண்டில். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 9.6 லட்சம், புதிய வரி முறை. வருமான வரித் துறை தரும் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏஐஎஸ்) இந்த 11 லட்சம் தெரிகிறது. "கண்டுகொள்ளாதே, சம்பளத்தை மட்டும் போடு" என்கிறார் அவருடைய நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நண்பர் சொல்வது பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டியதால் 194-ஓ பிரிவில் 0.1 சதவீதம், அதாவது 1,100 ரூபாய், அவர் பான் எண்ணில் விற்பனைத் தளத்தார் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டியிருப்பார்கள். துறைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் மறைக்கச் சொல்கிறார்.

கணக்கு, பில், டிடிஎஸ் மூன்றும் கணவர் பெயரில் இருப்பதால் சட்டத்தின் கண்ணுக்கு விற்றவர் அவர்தான். உழைத்தது மனைவி என்று வாதாடலாம். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இந்த ஆண்டுக்கு அந்த 11 லட்சத்தை அவர் ரிட்டர்னிலேயே காட்டிவிடுங்கள். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவத்தில் வியாபார வருமானத்துக்கு இடமில்லை. ஐடிஆர்-4 போட வேண்டும்.

சிறு வியாபாரிகளின் லாபத்தை விற்பனையில் ஒரு சதவீதமாக மதிப்பிடும் 44ஏடி பிரிவில் வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், ரொக்கத்துக்கு 8. பலரும் தடுமாறுவது இங்கேதான்: 6 சதவீதத்தைப் போடுவது 11 லட்சத்தின் மேல், 8.6-இன் மேல் அல்ல. கமிஷனும் கூரியரும் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே கழிந்ததாகக் கணக்கு. திரும்பி வந்த பார்சல்களை மட்டும் விற்பனையில் குறைக்கலாம், அதற்கான ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு.

ஆக லாபம் 66,000. சம்பளத்தில் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக 8.85 லட்சம். இரண்டும் சேர்ந்து 9.51 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம், 1,100 ரூபாயும் திரும்ப வரும். உண்மையில் ஒன்றரை லட்சம் மிஞ்சியிருந்தால் அதையே எழுதுங்கள், அப்போதும் 10.35 லட்சம்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

(கணவர் பழைய முறையில் இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். வியாபார வருமானம் வந்துவிட்டால், சம்பளக்காரர்போல ஆண்டுதோறும் பழையது, புதியது என்று வரி முறையை மாற்றிக்கொள்ள முடியாது.)

உங்கள் வாட்ஸ்அப் விற்பனை உங்கள் வருமானம். 4 லட்சத்துக்குக் கீழ் வருமானம், 60 லட்சத்துக்குக் கீழ் விற்பனை, டிடிஎஸ்ஸும் இல்லை என்பதால் ரிட்டர்ன் கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள் என்பேன். நாளை முத்ரா கடன் கேட்டுப் போனால் வங்கி மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி உங்கள் பான் எண்ணில் புதிய விற்பனைக் கணக்கு திறந்துவிடுங்கள். விற்பனைத் தளத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் பதிவு செய்யாத விற்பனையாளருக்கு ஜிஎஸ்டி தளம் தரும் என்ரோல்மெண்ட் எண்ணே போதும். பெங்களூருக்கு ஒரு நைட்டி அனுப்பினாலும் பதிவு வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். கணவர் பெயரில் இருக்கும் சரக்கை அவர் உங்களுக்குச் சும்மா கொடுத்தால், அதிலிருந்து வரும் லாபம் அவர் வருமானத்தோடு சேர்க்கப்படலாம். உங்கள் நகையை அடகு வைத்தோ உங்கள் சேமிப்பிலிருந்தோ உரிய விலையை அவர் அக்கவுண்டுக்கு அனுப்பி, பில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.