ரோட்னி ஹாரிசனுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் 15 சீசன் ஆடியவர் ரோட்னி ஹாரிசன். 1994 முதல் 2002 வரை சான் டியாகோ சார்ஜர்ஸ், 2003 முதல் 2008 வரை நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும், ஓஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் 2024 தேர்வில், இறுதி 15 பேரில் ஒருவராக முதல்முறை வந்தார். ஆனால் தேர்வாகவில்லை. அவர் உள்ளே போக வேண்டியவர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: நான் இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். சேஃப்டி என்றால் என்ன வேலை?

தடுக்கும் அணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் இரண்டு பேர்தான் சேஃப்டிகள். முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் கோட்டை விட்டால், கடைசியாகப் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள். ஃப்ரீ சேஃப்டி பெரும்பாலும் ஆழத்தில் நின்று பந்து போகும் திசையைப் படிப்பார். ஸ்ட்ராங் சேஃப்டி கொஞ்சம் முன்னால் வந்து, ஓடி வருபவரை மடக்குவார், பந்து பிடிக்கவும் மோதித் தடுக்கவும் செய்யும் டைட் எண்டைக் காவல் காப்பார், சில நேரம் நேராக, பந்தை வீசும் குவாட்டர்பேக் மீதே பாய்வார். ஹாரிசன் இந்த இரண்டாவது வகை.

இதைப் புரிந்துகொண்டால்தான் மற்ற பதில்கள் பிடிபடும். ஸ்ட்ராங் சேஃப்டியின் நல்ல ஆட்டத்தில் பாதி எந்தக் கணக்கிலும் ஏறாது. அவர் சரியான இடத்தில் நின்றார் என்பதாலேயே குவாட்டர்பேக் அந்தப் பக்கம் பந்தை வீசாமல் விட்டால், அதை எந்த அட்டவணையில் எழுதுவது?

கேள்வி: மொத்தமே 2 ப்ரோ பவுல். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு ஹால் ஆஃப் ஃபேம் கேட்பது நியாயமா, அண்ணா?

எல்லோரும் எடுத்து வைக்கும் முதல் கல் இதுதான், கனமான கல்லும்கூட. ப்ரோ பவுல் என்பது ஒவ்வொரு சீசனிலும் சிறந்த வீரர்களுக்குக் கிடைக்கும் கௌரவம். ஏற்கெனவே கேண்டனுக்குள் போன சேஃப்டிகளில் ஜான் லின்ச் 9 முறை ப்ரோ பவுல் போனவர். ஸ்டீவ் ஆட்வாட்டர் 8 முறை. அவர்களோடு வைத்துப் பார்த்தால் 2 என்ற எண் சின்னதாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த எண் எப்படி உருவானது என்று பாருங்கள். ப்ரோ பவுல் தேர்வில் ரசிகர்கள், வீரர்கள், பயிற்சியாளர்கள் என்று மூன்று தரப்பின் வாக்கும் உண்டு. தோற்கும் அணியில் இருப்பவருக்கு ரசிகர் வாக்கு விழாது. எதிரணிகள் வெறுக்கும் ஆளுக்கு மற்ற இரண்டு தரப்பிலும் கஷ்டம். ஹாரிசனுக்கு இரண்டுமே பொருந்தியது. 2000ஆம் ஆண்டு சார்ஜர்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அந்தச் சீசனில் அவர் எடுத்தது 6 இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது), 6 சாக் (பந்தை வீசும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). ஒரு சேஃப்டி ஒரே சீசனில் இப்படிச் செய்வது எவ்வளவு அபூர்வம்! அந்த ஆண்டு அவருக்கு ப்ரோ பவுல் இல்லை.

2003 இன்னும் விசித்திரம். பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. அதாவது லீக் முழுவதிலும் மிகச் சிறந்த சேஃப்டிகளில் ஒருவர். அதே ஆண்டும் ப்ரோ பவுல் இல்லை. 1998இலும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இருந்தவர் அவர். லின்ச்சும் ஆட்வாட்டரும் அந்த முதல் அணியில் இருந்தது தலா 2 முறை. ஹாரிசனும் 2 முறை. இந்த எண்ணை யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: 30 சாக், 30 இன்டர்செப்ஷன் சாதனையை ரொம்பவும் பெரிதாக்குகிறீர்களோ?

இல்லை. அவருடைய கணக்கு 34 இன்டர்செப்ஷன், 30.5 சாக். இரண்டிலும் 30ஐத் தொட்ட முதல் வீரர், லீக்கின் வரலாற்றிலேயே அவர்தான். பின்னால் ரே லூயிஸ் அந்த வரிசையில் சேர்ந்தார். ஆனால் லூயிஸ் லைன்பேக்கர். சேஃப்டியைவிட முன்னால், எதிரணிக் குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்.

கேண்டனில் ஏற்கெனவே இடம்பெற்ற சேஃப்டிகளைப் பாருங்கள். லெராய் பட்லர் 38 இன்டர்செப்ஷன், 20.5 சாக். பிரையன் டாக்கின்ஸ் 37, 26. லின்ச் 26, 13. ஆழத்தில் நின்று பந்தைப் பறிப்பதில் எட் ரீட் போன்றவர் வேறு உலகம், 64 எடுத்தவர். அவரோடு ஹாரிசனை ஒப்பிட மாட்டேன். ஆனால் முன்னும் பின்னும் ஒரே ஆள் ஆடுகிற வேலையில் இவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

கேள்வி: அழுக்காக ஆடுபவர் என்று பெயர் எடுத்தவர்தானே? அப்படிப்பட்டவரை எதற்குக் கௌரவிக்க வேண்டும்?

பெயர் எடுத்தவர்தான், மறைக்கவில்லை. அபராதமாகவே 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறார். 2002இல் ஜெரி ரைஸ் மீது மோதியதற்காக ஒரு ஆட்டம் தடை. 1999இல் சீசன் தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், ராம்ஸ் குவாட்டர்பேக் ட்ரென்ட் கிரீனின் முழங்காலில் அவர் மோத, கிரீனுக்கு அந்த ஆண்டே போனது. அந்த இடத்துக்கு வந்தவர் கர்ட் வார்னர், அந்த ஆண்டே அவர் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றது தனிக்கதை.

எனக்கு இதில் சில மோதல்கள் பிடிக்கவில்லை. அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் உங்கள் கோபம் சரி. ஆனால் லீக் அந்தந்த நேரத்திலேயே தண்டனை கொடுத்தது, அவரும் கட்டினார். அதற்கு மேல் கேண்டனின் வாசலில் இன்னொரு தண்டனை வைப்பது சரியில்லை. இதைவிடப் பெரிய கேள்வி அடுத்து வருவதுதான்.

கேள்வி: 2007இல் ஊக்கமருந்து விஷயத்தில் 4 ஆட்டம் தடை. இதற்குப் பிறகும் வாதம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டதற்கு நன்றி. மனித வளர்ச்சி ஹார்மோன் வாங்கிப் பயன்படுத்தியதை அவர் விசாரணை அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டார். பரிசோதனையில் சிக்கியதில்லை; தானே சொன்னார். காயம் சீக்கிரம் ஆற வேண்டும் என்பதற்காக எடுத்ததாக விளக்கம் தந்தார். 2005இல் அவர் முழங்காலின் மூன்று தசைநார்கள் கிழிந்தன, ஆகவே விளக்கம் நம்பக்கூடியதுதான். ஆனாலும் தப்பு தப்புதான். விதியை மீறினார், மற்றவர்கள் மீறாமல் வலியோடு காத்திருந்தார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எப்படி எடை போடுவது? ஒரே அளவுகோல் எல்லோருக்கும் இருக்க வேண்டும், என் கோரிக்கை அவ்வளவுதான். தடுக்கும் அணியின் முன்வரிசையில் ஆடிய ஜூலியஸ் பெப்பர்ஸ் தன் முதல் சீசனில், 2002இல், தடை செய்யப்பட்ட பொருளுக்காக 4 ஆட்டம் வெளியே உட்கார்ந்தவர். அவர் 2024இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே உள்ளே போனார். ஹாரிசன் இறுதிச் சுற்றில் நின்று திரும்பிய அதே ஆண்டு! பெப்பர்ஸ் ஆட்டத்தில் இன்னும் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் 4 ஆட்டத் தடை என்பது கதவை மூடும் குற்றம் இல்லை என்று தேர்வுக் குழு அப்போதே சொல்லிவிட்டது. பிறகு ஹாரிசனுக்கு மட்டும் அது ஏன் மூட வேண்டும்?

இன்னொன்று. அவருடைய சிறந்த ஆண்டுகளான 1998, 2000, 2003, 2004 எல்லாம் 2005ஆம் ஆண்டின் அந்தப் பெரிய காயத்துக்கு முந்தியவை.

கேள்வி: நான் ஜயன்ட்ஸ் ரசிகன். டேவிட் டைரி ஹெல்மெட்டில் ஒட்டிப் பிடித்த பந்தை மறக்க முடியுமா? தடுக்க வேண்டிய ஆள் ஹாரிசன்தானே?

அவர்தான். 2008 பிப்ரவரி 3, சூப்பர் பவுல். அதுவரை 18 ஆட்டமும் வென்றிருந்த பேட்ரியாட்ஸ் 17-14 என்று தோற்றது. ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் ஈலை மேனிங் பிடிகளிலிருந்து நழுவி வீசிய பந்தை டைரி ஒரு கையால் தலைக்கவசத்தோடு அழுத்திக்கொண்டார். ஹாரிசன் அவர் முதுகில் தொங்கியபடி அந்தக் கையைப் பிய்த்துக்கொண்டே விழுந்தார். அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: வேறு என்ன செய்திருக்க முடியும்? நேரத்துக்கு வந்தார், கையைத் தட்டினார், தரையில் விழும்வரை விடவில்லை. பந்து விழவில்லை. தோற்றவர் தப்பு செய்தவர் ஆகிவிட மாட்டார்.

கேள்வி: குவாட்டர்பேக் பிரேடியும் பயிற்சியாளர் பெலிசிக்கும் இருந்த அணியில் யார் ஆடினாலும் கோப்பை கிடைத்திருக்கும் இல்லையா?

இதற்குத்தான் 2004 சீசன் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு பேட்ரியாட்ஸின் பின்வரிசை சிதறிப்போனது. பந்து பிடிக்க ஓடுபவர்களைக் காவல் காக்கும் முதன்மைக் கார்னர்பேக் டை லா அக்டோபர் இறுதியில் கால் எலும்பு முறிந்து போனார். இன்னொரு கார்னர்பேக் டைரோன் பூலும் காயம். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்படாத புதுமுகம் ராண்டல் கே களம் இறங்கினார். பந்து பிடிக்கும் ரிசீவரான ட்ராய் பிரவுனைத் தடுக்கும் பக்கத்துக்கு இழுத்து வந்து நிற்க வைத்தார்கள். பக்கத்துச் சேஃப்டி யூஜின் வில்சனுக்கு அது இரண்டாவது சீசன்தான். இந்தக் கூட்டத்தை ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கத்திக் கத்தி இடம் சேர்த்தவர் ஹாரிசன்.

அப்புறம் ப்ளே-ஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய கடைசிச் சுற்றுகள். பேட்டன் மேனிங்கின் கோல்ட்ஸை 20-3 என்று முடக்கிய ஆட்டத்தில் ஒரு இன்டர்செப்ஷன். அடுத்து 15 வெற்றி பெற்றிருந்த பிட்ஸ்பர்க், அவர்கள் சொந்த மைதானத்தில். இடைவேளைக்குச் சற்று முன், அவர்கள் குவாட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் வீசிய பந்தைப் பறித்து 87 கஜம் ஓடி டச்டவுன். 24-3. அங்கேயே ஆட்டம் பேட்ரியாட்ஸ் பக்கம் சாய்ந்தது. சூப்பர் பவுலில் ஈகிள்ஸுக்கு எதிராக இரண்டு இன்டர்செப்ஷன். 24-21 என்று இருந்த ஆட்டத்தை முடித்து வைத்த கடைசிப் பறிப்பும் அவருடையதே. மூன்றே ஆட்டத்தில் நான்கு.

பேட்ரியாட்ஸுக்காக அவர் ஆடிய 9 ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் மொத்தம் 7 இன்டர்செப்ஷன். "யார் ஆடினாலும்" என்று சொல்பவர்கள், அந்த அணியில் வேறு யார் இதைச் செய்தார் என்றும் சொல்ல வேண்டும்.

கேள்வி: தேர்வு எப்படி நடக்கிறது? அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?

ஓய்வு பெற்று 5 சீசன் கழிந்தால் தகுதி. ஆடி முடித்து 25 ஆண்டு தாண்டினால் மூத்தோர் பிரிவுக்குப் போய்விடும், அங்கே கூட்டம் அதிகம், இடம் குறைவு. ஹாரிசனுக்கு 2030களின் முன்பகுதி வரை நேரம் உண்டு. இறுதியில் 80 சதவீத வாக்கு வேண்டும். 2025இலிருந்து விதி இன்னும் இறுகியது. அந்த ஆண்டு எல்லாப் பிரிவும் சேர்த்து 4 பேர்தான் உள்ளே போனார்கள்.

சேஃப்டிகளுக்கு எப்போதுமே தாமதம்தான். 2000இல் ரோனி லாட்டுக்குப் பிறகு, முழுக்கச் சேஃப்டியாகவே ஆடிய ஒருவர் உள்ளே போக 2017 வரை ஆனது. அவர் கென்னி ஈஸ்லி. அவர் ஆடி முடித்ததோ 1987இல்.

கேள்வி: இப்போது தொலைக்காட்சியில் பேசுகிறாரே, அது உதவுமா?

களத்தில் செய்ததை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது குழுவின் விதி. என்பிசி வேலை கணக்கில் வராது, வரவும் கூடாது.

கேள்வி: டாரன் வுட்சனா, ஹாரிசனா? ஒருவருக்குத்தான் இடம் என்றால்?

கவ்பாய்ஸின் வுட்சன் அருமையான ஆட்டக்காரர். 5 ப்ரோ பவுல், 3 முறை ஆல்-ப்ரோ முதல் அணி, 3 சூப்பர் பவுல் கோப்பை. வேகமான ரிசீவரைத் தனியாகக் காவல் காப்பதில் ஹாரிசனைவிட மேல் என்றே சொல்வேன். இருவருமே போக வேண்டியவர்கள். கட்டாயம் ஒருவர் என்றால், ஹாரிசன். வுட்சனின் 23 இன்டர்செப்ஷன், 11 சாக் எதிரே 34, 30.5 நிற்கிறது. ப்ளே-ஆஃபில் செய்ததும் சேர்ந்தால் தராசு இந்தப் பக்கம்தான்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

2004 சீசனின் பிட்ஸ்பர்க் ஆட்டம். 2005 ஜனவரியில் நடந்தது. பந்தை விட்டுவிட்டு 37ஆம் எண்ணை மட்டும் கவனியுங்கள். அந்த 87 கஜ ஓட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்னாலேயே பந்து கிளம்பும் முன் அவர் கையைக் காட்டிப் பக்கத்து ஆட்களை நகர்த்துவதைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.