குடிக்கு மருந்து எடுத்தால் தோட்டத்துக்குத் தெரிந்துவிடுமா?

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் தோட்டத்தில் வேலை, பல வருடமாக நாள் தவறாமல் குடி. இப்போது அவராகவே மருந்து எடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் விஷயம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், தோட்டத்தை நடத்துகிற துரைக்கும், சங்கத் தலைவருக்கும் போகக்கூடாது என்கிறார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுப்பதை ஒபிசில் காட்டினால் லயமே பேசும். இதற்கு என்ன வழி? அவர் உள்ளே போய் என்ன சொல்கிறார் என்று எனக்காவது சொல்வார்களா?" என்று கேட்கிறார்.

சகோதரி, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பதைத் தோட்ட நிர்வாகத்துக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கித்தான் போகவேண்டும் என்றும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு யாரும் நேரே போகலாம். அங்கிருந்து மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி பெரியாஸ்பத்திரிகளில் அந்த வசதி உண்டு. தோட்டத்து மருத்துவ உதவியாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் கம்பனி. அந்த இடத்தில் இரகசியம் காப்பது அவருக்கே சங்கடம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் டிஸ்பென்சரியைத் தாண்டிப் போவதில் தப்பே இல்லை.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும்? நோயாளி சொன்னதைக் காப்பது வைத்தியரின் தொழில் ஒழுக்கம். மீறினால் இலங்கை மருத்துவச் சபைக்கு முறைப்பாடு செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை, அவர் எழுத்தில் சம்மதம் தராவிட்டால், கேட்பவருக்குக் கொடுக்க மறுக்கலாம். துரையோ சம்பந்தி வீட்டாரோ விண்ணப்பம் போட்டதும் உங்கள் வீட்டுக்காரரின் பதிவைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய வகையாக வைத்திருக்கிறது. ஆனால் அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிற சட்டம், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

உண்மையில் நம் பக்கத்தில் இரகசியம் கசிவது வேறு இடங்களில். முதலாவது, காகிதம். ஆஸ்பத்திரியில் தங்கி வெளியே வரும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டில் நோயின் பெயர், கொடுத்த மருந்து எல்லாம் இருக்கும். லீவுக்காக அதையே கொண்டுபோய் ஒபிசில் நீட்டிவிடுகிறோம். அதைச் செய்யவேண்டாம். லீவுக்கு வேண்டியது மெடிக்கல், அதாவது மருத்துவச் சான்றிதழ். அதை எழுதும்போதே, "சேர், இது வேலைக்குக் கொடுக்கவேண்டியது. நோய் பெயரை விவரமாகப் போடாமல், சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை என்று எழுத முடியுமா?" என்று கேளுங்கள். பல வைத்தியர்களுக்கு இது புரியும். பொய்யாக வேறு நோயை எழுதச் சொல்லாதீர்கள். அது வைத்தியருக்கும் ஆபத்து, பிற்பாடு உங்களுக்கும் ஆபத்து. கார்டும் கிளினிக் கொப்பியும் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு காய்ச்சலுக்கு டிஸ்பென்சரிக்குப் போகிற அன்று அந்தக் கொப்பியைக் கையில் கொண்டுபோகாமல், அவர் எடுக்கிற மருந்தின் பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். மருந்தைப் பார்த்து டிஸ்பென்சரிக்காரர் ஊகிக்கலாம்தான். ஆனாலும் மருந்தை மறைத்தால் ஒன்றோடொன்று ஒத்துவராத மருந்தைக் கொடுத்துவிடக்கூடும் என்பதால் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாவது, மொழி. எனக்கு அதிகம் மனவருத்தம் தருவது இதுதான். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களத்தில் மனம் திறக்க வராது. அப்போது வார்டில் நிற்கிற யாரையாவது, சில நேரம் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆளையே, மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போய் அப்பாவின் குடியைப் பற்றிப் பேச வைப்பதும் நடக்கிறது. இரண்டையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அரச அலுவலகத்தில் தமிழில் சேவை பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ வரும்வரை காத்திருக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பவரிடமும், "இது வெளியே போகக்கூடாது" என்று வைத்தியர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், அதாவது மனம்விட்டுப் பேச ஆலோசகர், இருந்தால், தமிழில் பேசக்கூடியவரா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

மூன்றாவது, தனியார் மையங்களும் தொண்டு, மத அமைப்புகளும். சிலர் உண்மையாகவே நல்லது செய்கிறார்கள். ஆனால் "குணமானவர்கள்" என்று படம் எடுத்து பேஸ்புக்கில் போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. சேர்க்கும்போது தருகிற படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "என் படம், பெயர், கதை எதையும் வெளியிடச் சம்மதமில்லை" என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவ நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். அவர்கள்மேல் முறைப்பாடு இருந்தால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தற் சபைக்குப் போகலாம். மருத்துவச் சபை பொதுவாக அதில் பதிவு பெற்றவர்களைத்தான் விசாரிக்கும். உளவளத்துணையாளர் மீதான முறைப்பாட்டை அவரை வேலைக்கு வைத்த திணைக்களத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் கொடுங்கள்.

சரி, எதுவுமே வெளியே போகாதா? போகும் சந்தர்ப்பங்கள் உண்டு, அவற்றை மறைத்துச் சொல்வது நியாயமல்ல. அவர் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், ஆலோசகர் பேசாமல் இருக்கமாட்டார். நீதிமன்றம் கேட்டாலும் சொல்லவேண்டிவரும். நம் சான்றுக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் பேசியதற்குத் தருகிற பாதுகாப்பை வைத்தியரிடம் பேசியதற்குத் தருவதில்லை. முதல் நாளே, "எதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று ஆலோசகரிடம் கேட்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் தயங்காமல் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவர் உள்ளே சொன்னதை உங்களிடமும் சொல்லமாட்டார்கள், அவர் சம்மதித்தாலொழிய. இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். இத்தனை வருடம் அடியும் கடனும் பட்டது நீங்கள். ஆனால் மனைவிக்குப் போய்விடும் என்று நினைத்தால் அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக்கூட குறைத்தே சொல்வார். அந்தக் கணக்கு பிழைத்தால் ஆபத்து. நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் வலிப்பு வரலாம், மனம் குழம்பிப் பிதற்றலாம், உயிரே போகலாம். ஊருக்குத் தெரியக்கூடாது என்று காம்பராவுக்குள் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நடுக்கமோ வலிப்போ வந்தால் இரகசியத்தைப் பார்க்காமல் கிட்டிய ஆஸ்பத்திரிக்கே ஓடுங்கள்.

நீங்கள் பார்த்ததை வைத்தியரிடம் சொல்ல யாருடைய சம்மதமும் தேவையில்லை. வேண்டுமானால் மருந்து முறை, அடுத்த கிளினிக் திகதி, வீட்டில் கவனிக்கவேண்டியது ஆகியவற்றை மட்டும் உங்களிடம் சொல்லலாம் என்று அவர் எழுதிக்கொடுக்கட்டும். பிறகு மனம் மாறினால் அந்தச் சம்மதத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். உங்களுக்கென்று தனியாக ஆலோசனை பெறுவதும் உங்கள் உரிமை. அங்கே நீங்கள் பேசுவது அவருக்குப் போகாது.

இந்த வாரமே 1927க்கு அழைத்துப் பாருங்கள். அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926ம் இருக்கிறது. தமிழில் பேச வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். எங்கே போகலாம் என்று விசாரிக்கிற அந்த முதல் அழைப்பில் பெயரையும் தோட்டத்தையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.