மரச்சிற்பியாக விரும்பும் மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பு எதற்கு?

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் உங்கள் மகள், மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை மரத்தில் செதுக்கிச் சொல்லும் சிற்பியாக விரும்புகிறாள். உறவினர்களோ, கலையும் இருக்கும், சம்பளமும் வரும் என்று கட்டடக்கலைப் படிப்பைச் சொல்கிறார்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சமரசத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடத்திலும் கணினியிலும் ஆண்டுக்கணக்கில் கழியும் அந்தப் படிப்பு, உளி பிடிக்கத் துடிக்கும் கைக்கு ஏற்றதல்ல.

கவின்கலைப் பட்டம் பற்றி நீங்களே விசாரித்திருப்பீர்கள். நான் பரிந்துரைப்பது, தொழில் செய்துவரும் ஒரு மரச்சிற்பியின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்வதை. உளியைச் சாணை பிடிப்பதில் தொடங்கி, மரம் காய்வதைக் கவனிப்பதுவரை அங்கேதான் கற்க முடியும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அதிலும் நடுத்தண்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவதால், முழுக் கட்டை வெடிக்கிறது. பழைய சிற்பிகள் பலர் உருவத்தின் முதுகுப்புறத்தைக் குடைந்தெடுத்தது இதற்காகவே.

அவள் சொல்ல விரும்பும் விஷயமும் இந்த அறிவுக்குள்தான் இருக்கிறது. இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனே, அறுத்த உத்தரத்தில் ஒரே ஒரு வளையத்தைத் தேர்ந்து, அதற்குப் பின் வளர்ந்த அடுக்குகளை நீக்கி, கணுக்களைக் கிளைகளாக விட்டுக்கொண்டே போகிறார். மனிதன் உத்தரமாக்கிய மரத்துக்குள்ளிருந்து அதன் இளம்பருவ மரம் வெளிப்படுகிறது. வளையத்தையும் கணுவையும் படிக்கத் தெரியாதவருக்கு இந்த வேலை கைகூடாது. பிரிட்டிஷ் சிற்பி டேவிட் நாஷ் 1977-இல் வேல்ஸில் 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டு, பல ஆண்டுகள் வளைத்தும் கழித்தும் ஒரு கூடாரம்போல வளர்த்தார். பிற்காலத்தில் அவற்றைப் பூஞ்சை நோய் தாக்கியது. ஆகவே பட்டறையோடு மரப் பராமரிப்பிலும் அவள் ஒரு குறுகிய பயிற்சி பெறுவது நல்லது.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பெயர்பெற்ற கல்லூரிக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். தொடக்கத்துக்குச் சில தரமான உளிகள், ஒரு கொட்டாப்புளி, சாணைக்கல், காற்றில் விழுந்த மரம் ஆகியவை போதும். தூசி தடுக்கும் முகக்கவசத்திலும் தூசி உறிஞ்சும் கருவியிலும் மட்டும் சிக்கனம் வேண்டாம். மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

வருமானம் சீராக வராது. பழைய மரச்சிற்பங்களையும் மரச்சாமான்களையும் சீரமைக்கும் வேலையை அவள் உடன் கற்றுக்கொண்டால், சொந்தப் படைப்பு விற்காத மாதங்களைத் தாண்ட முடியும். அவளுக்கு எத்தனை ஆண்டுகள் துணை நிற்பீர்கள் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் உறவினர்கள் இருக்க வேண்டியதில்லை. அவள் இருக்க வேண்டும்.